மீண்டும் ஒரு வாசல்

சென்ற மாதம் எங்கள் அயலிலுள்ள பையன் ஒருவன் வாப்பாவின் கடையில் வேலை கேட்டு வந்தான். திருட்டு வழக்கொன்றில் அகப்பட்டுத் திரும்பியவன், என் வயதுதான். “யோசிப்போம்” என்றார் வாப்பா.

இலங்கையில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் செயலைச் சட்டம் குற்றமாகக் கொள்வதில்லை. 2018 வரை அவ்வெல்லை 8 வயதாகவே இருந்தது. அதற்கு மேற்பட்ட சிறுவர்களின் வழக்குகளில், நன்னடத்தை உத்தியோகத்தர் குடும்ப நிலையை ஆராய்ந்து நீதிமன்றுக்கு அறிக்கை சமர்ப்பிப்பார். கல்வியைப் பாடசாலையும், கைத்தொழிலைத் தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற நிறுவனங்களும் கற்பிக்கின்றன. பல பயிற்சிகளுக்குச் சாதாரண தரச் சித்தி கட்டாயமல்ல. முடிவில் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழும் பெறலாம்.

ஆனால் ஒரு நிறுவனத்தின் வாசலுக்கும் அடுத்ததன் வாசலுக்கும் இடையில்தான் பிள்ளை தவறிப்போகிறான். எந்த வகுப்பு, யார் அழைத்துச் செல்வது, பஸ் காசை யார் கொடுப்பது என்பவற்றை அதிகாரிகள், ஆசிரியர்கள், பெற்றோர் அனைவரும் கூடி, அவன் வீடு திரும்புமுன்பே தீர்மானிக்க வேண்டும்.

கடைசி வாசல் தொழில் தருபவருடையது. அதை அரசாங்கத்தால் மட்டும் திறக்க முடியாது. வாப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இக்கட்டுரையை முதலில் அவரிடம்தான் வாசிக்கக் கொடுக்கப்போகிறேன்.