பழைய இயந்திரம்: திருத்துவதா, புதிது வாங்குவதா?

மண்முனைத் துறையில் 2014 இல் பாலம் திறக்கப்பட்டபின் வாவியைக் கடப்பது பலருக்கு இலகுவாயிற்று. ஆயினும் பாலத்துக்கு எட்டத்தில் வயல் செய்யும் குடும்பங்களுக்கு இன்னமும் தோணிதான் வண்டில். விதைநெல்லும் பசளையும் போவதும், வெள்ளாமை முடிந்து நெல்மூடைகள் வருவதும் அதில்தான். அதன் பின்புறம் பூட்டிய மண்ணெண்ணெய் இயந்திரம் நின்றுவிட்டால் வயலும் நின்றுவிடும்.

2007 இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து திரும்பிய ஒரு குடும்பம் பெரும்போகத்துக்கு முன் எம்மிடம் வந்தது. அவர்களது இயந்திரம் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்து கைமாறிய ஒன்று. புதியது வாங்குவதற்காக நகையை ஈடு வைக்க இருந்தார்கள். “முதலில் கழற்றிப் பார்ப்போம்” என்றோம். காபரேற்றரில் அழுக்கு அடைத்திருந்தது. நீர் இறைக்கும் றப்பர் சில்லு தேய்ந்திருந்தது. சிறு செலவில் இயந்திரம் ஓடியது. இன்னொரு குடும்பமோ இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை திருத்தி, புதிய இயந்திரத்தின் விலையில் பெரும்பகுதியைச் செலவிட்ட பின்னரே அதைக் கைவிட்டது. ஆகவே வயதை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. பழுது எங்கே என்று அறிந்தபின்பே தீர்மானிக்க வேண்டும்.

முதலாவது, பிளக், காபரேற்றர், எண்ணெய்க் குழாய், றப்பர் சில்லு ஆகியவற்றைப் பாருங்கள். வாவி ஆழம் குறைந்தது. மணலும் பாசியும் றப்பர் சில்லைத் தின்றுவிடும். குளிர்நீர் வெளியேறாவிட்டால் இயந்திரத்தை உடனே நிறுத்துங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் மானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் றிங் அல்லது பிஸ்டனில் பழுது இருக்கலாம். சுவரில் கீறல் மட்டும் என்றால், சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிய பிஸ்டன் போடலாம். கிராங்கும் பெயரிங்கும் தேய்ந்து, நீர் ஓடும் வழிகளையும் உப்பு அரித்திருந்தால் மீளக் கட்டுவது வீண். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியே தண்ணீர் புகுந்துள்ளது. அதை உடனே மாற்றினால் கியர் பிழைக்கும்.

மூன்றாவது, அந்த வகைக்கு உதிரிப்பாகம் அருகில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காத இயந்திரத்துக்குச் செலவிடும் பணம் தண்ணீரில் போட்டது போலாகும்.

நான்காவது, கணக்கு. திருத்தச் செலவு புதியதின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். எண்ணெயையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேய்ந்த இயந்திரம் நாளொன்றுக்கு ஒரு லீற்றர் கூடுதலாகக் குடித்தாலும், 25 நாளில் அது 25 லீற்றர்.

புதியது வாங்கியே ஆகவேண்டுமாயின், கடனின் தவணையைக் கவனியுங்கள். நெல் பணம் ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை வரும். கிழமைத் தவணையோ அறுவடைவரை காத்திருக்காது. அதைக் கட்ட விதைநெல்லை விற்றால், இயந்திரம் இருக்கும், விதைக்க நெல் இராது. போகத்துக்கு ஒருமுறை கட்டும் கடனைக் கேளுங்கள். அல்லது இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்குங்கள்.

எந்த இயந்திரமானாலும், உவர்நீரில் ஓடியபின் நன்னீரால் கழுவுங்கள். நிறுத்துமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓடவிட்டால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்காது. தோணி கவிழ்ந்து இயந்திரம் மூழ்கினால் இழுத்து இயக்க வேண்டாம். நன்னீரால் கழுவி, பிளக்கைக் கழற்றி நீரை வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அன்றே திருத்துபவரிடம் கொண்டு செல்லுங்கள்.

முடிவெடுக்குமுன் வீட்டில் எல்லோரும் இருந்து பேசுங்கள். நகையும் விதைநெல்லும் குடும்பம் முழுவதுக்கும் உரியவை அல்லவா?