சொட்டு மருந்துக்கு முன் ஒரு பஞ்சுக்குச்சி

காந்தலில் உள்ள எங்கள் பள்ளியில் மழைக்காலம் வந்தால் சன்னல்களைத் திறக்க முடியாது. குளிருக்குப் பிள்ளைகள் நெருங்கி உட்காருவார்கள். சென்ற ஆண்டு அப்படியொரு நாளில் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண் சிவந்து வந்தாள். சுவெட்டர் கையால் துடைத்துத் துடைத்து, கன்னம் வரை பூளை ஒட்டியிருந்தது. என் பையில் மீதமிருந்த சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டு, குப்பியையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். உதவி செய்ததாகவே நினைத்தேன்.

ஒரு வாரமாகியும் குறையவில்லை. மஞ்சள் நிறத்தில் கெட்டியாகப் பூளை வந்தது. கண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஏற்கெனவே என்ன மருந்து விட்டீர்கள்?" என்பதுதான். அந்த மருந்தால் சோதனையில் கிருமி வளராமல் போகலாம் என்று அவர் விளக்கியபோதுதான் என் தவறு புரிந்தது. மருந்தை நிறுத்தி, பிறகொரு நாள் மாதிரி எடுத்தார்கள்.

அன்று அருகிலிருந்து பார்த்தேன். கீழிமையை மெல்ல இழுத்து, அதன் உட்புறத்தில் கிருமி நீக்கிய பஞ்சுக்குச்சியை உருட்டி எடுத்தார்கள். இமை முடியிலோ தோலிலோ பட்டால் அங்குள்ள கிருமிகளும் சேர்ந்துவிடும். இரண்டு கண்களுக்கும் தனித்தனிக் குச்சி. ஆய்வகத்தில் ஒரு பகுதியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மற்றொரு பகுதியை ஊட்டக்கூழ் தட்டில் தடவி, உடல் வெப்பநிலையில் வைக்கிறார்கள். பாக்டீரியா இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வளர்ந்து தெரியும். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதையும் சோதிப்பார்கள். மாணவிக்கு அப்படித்தான் சரியான மருந்து கிடைத்தது. ஆனால் பத்து நாள் வகுப்பு போயிற்று.

சிவந்த கண் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. 2022 நவம்பரில் தமிழகமெங்கும் பரவிய 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் அடினோ வைரசால் வருவது. கண்ணைப் பார்த்தே மருத்துவர் கண்டுகொள்வார். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரசை ஒன்றும் செய்யாது. பூளை மிகுதியாக வந்தாலோ, நாளாகியும் ஆறாவிட்டாலோ, பச்சிளங்குழந்தைக்கு வந்தாலோதான் மாதிரி எடுப்பது முக்கியமாகிறது.

நாம் செய்யக்கூடியவை எளியவை. வீட்டில் மீந்த மருந்தையோ, கடையில் கேட்டு வாங்கிய மருந்தையோ விட வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சில தொற்றுகள் முற்றிக் கருவிழியே பாதிக்கப்படலாம். வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே மருந்து விட்டிருந்தால் அந்தக் குப்பியையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகள் ஒருவரை ஒதுக்குவார்கள். கையும் துண்டும்தான் நோயைப் பரப்புகின்றன என்று சொல்லி, சோப்புப் போட்டுக் கைகழுவப் பழக்குவோம்.

இப்போது நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது அந்தப் பஞ்சுக்குச்சியின் கதையைச் சொல்கிறேன். என் பையில் சொட்டு மருந்து வைப்பதில்லை.