கையில் இருக்கும் படிப்பு

அம்பாறை மாவட்டத்து வயற் கிராமங்களில் வேளாண்மை வெட்டு என்றால் முன்பு ஊரே வயலில் நிற்கும். வெட்டுக்காரர், சூடு வைப்பவர், சிந்திய கதிர் பொறுக்கும் பெண்கள் என்று எல்லாருக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. இப்போது அறுவடை மெஷின் ஒரு மணித்தியாலமளவில் ஒரு ஏக்கரை வெட்டி, அடித்து, நெல்லாகவே கொட்டிவிடுகிறது. வயல்காரருக்கு இலாபம்தான். வெட்டுக்குப் போனவர்?

சிலர் மேசன் வேலைக்குப் போனார்கள். சிலர் லேண்ட்மாஸ்டர் திருத்தப் பழகினார்கள். எல்லாம் பார்த்துப் பழகிய வேலை. "இவங்களுக்குப் பயிற்சி குடுக்கணும்" என்று கூட்டங்களில் பேசுகிறோம். அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ளது தேசிய தொழிற் தகைமை. ஊரில் என்.வி.கியூ. என்பார்கள். அதில் 7 மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். நான்காம் மட்டக்காரர் மேற்பார்வை இல்லாமல் தன் வேலையைத் தானே முடிக்கக்கூடியவர். இந்தச் சான்றிதழுக்கு வகுப்பில் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. அனுபவத்தால் கற்றதை மதிப்பிட்டும் தருவார்கள். செய்த வேலைக்கான படங்கள், கடிதங்கள் அடங்கிய கோப்பொன்றைக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். முடிவு சித்தி, சித்தியில்லை என்று வராது. 'தேர்ச்சி' அல்லது 'இன்னும் தேர்ச்சியில்லை' என்றுதான் வரும். குறைந்த பகுதியை மட்டும் பழகிவிட்டுத் திரும்ப வரலாம். இந்த 'இன்னும்' நம் பாடசாலைப் பெறுபேற்றுத் தாளில் இல்லாத சொல்.

எங்கள் ஊர் மேசன் காக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

"எட்டாம் வகுப்போட உட்ட ஆள் நான். எனக்கென்னத்துக்கு சேர் சேட்டிபிகட்?"

"மகன் கட்டார் போகக்குள்ள கேட்டாங்களா இல்லயா?"

"கேட்டதுதான். சரி, கடிதம் ஆரு தாற?"

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இருபது வருடம் வீடு கட்டியவரிடம் ஒரு துண்டுக் கடிதம் இல்லை. பேச்சு வாயோடு, கூலி கையோடு. பரீட்சையைவிட அந்தக் கோப்புத்தான் இவர்களை வீட்டிலேயே இருத்திவிடுகிறது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் பள்ளியில் இருந்தால் இதை எழுதி முடிக்கலாம்.

பெண்கள் விடயம் இன்னும் மோசம். பெண் என்றால் தையல் மெஷின் என்று நாமே முடிவெடுத்து வைத்திருக்கிறோம். பத்து வருடம் வீட்டில் சமைத்து ஓடருக்குக் கொடுத்தவரிடம் போய், சமையலிலும் இப்படிச் சான்றிதழ் உண்டு என்று சொன்னவர்கள் எத்தனை பேர்?

மேசன் காக்காவின் கோப்பில் முதலாவது படம் எங்கள் பள்ளி ஹவுள். அதை அவர்தான் கட்டினார் என்று நம்பிக்கையாளர் சபை கடிதம் கொடுத்துவிட்டது. வீட்டுக்காரர் இரண்டு பேரின் கையொப்பம்தான் பாக்கி.