எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை

கணித மேதை ராமானுஜனின் பெயரைக் கேட்காத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இருக்க முடியாது. அவருக்கும் பேராசிரியர் ஹார்டிக்கும் இருந்த நட்பை மேடைதோறும் புகழ்கிறோம். அந்த நட்பில் இருந்த கூச்சத்தை மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை.

சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராணி வேலை பார்த்த ராமானுஜன், 1913 ஜனவரியில் தம் கணக்குகளை எழுதி இங்கிலாந்திலிருந்த ஹார்டிக்குத் தபாலில் அனுப்பினார். கல்லூரித் தேர்வில் தோற்றவர், வயது 25. ஹார்டி பத்து வயது மூத்தவர். மறு ஆண்டு ஏப்ரலில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார்.

ஒருவர் நாமகிரித் தாயாரை நம்பியவர். மற்றவர் கடவுளே இல்லை என்றவர். கைகுலுக்கவும் கூசுவாராம் ஹார்டி. ராமானுஜனோ தம் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஏறக்குறைய தினமும் சந்தித்தார்கள். பேச்செல்லாம் எண்களைப் பற்றித்தான். தினமும் ஐந்தாறு புதிய தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டுகிறவரிடம், 'இதை எப்படிக் கண்டீர்?' என்று கேட்டுத் தொந்தரவு செய்வது அசட்டுத்தனமாகப் பட்டது என்று ஹார்டியே பின்னாளில் எழுதினார்.

கணக்கையே துருவிக் கேட்காதவர் சாப்பாட்டையும் தூக்கத்தையுமா கேட்கப் போகிறார்? குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொன்னது, அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் என்ற வங்காள இளைஞரிடம். அவர் அறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காக மடித்துச் செருகியிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று தெரியாமல், மேலேயே மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார் மனிதர்! வெளியூருக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு இருக்கும் நம் தாய்மார்களுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும்.

போர்க்காலம் வேறு. சைவச் சமையலைத் தாமே பொங்கித் தின்றவர் 1917-இல் நோயில் விழுந்தார். 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் குதித்துவிட்டார். வண்டியைச் சில அடிகளுக்கு முன்னால் நிறுத்தினார்கள். போலீசாரிடம் ஓடிப்போய் வாதாடி மீட்டவர் ஹார்டிதான். இவர் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்று சொன்னாராம். உண்மையில் அந்தப் பட்டம் அவ்வாண்டு மே மாதம்தான் கிடைத்தது. அன்பில்லாதவரா அப்படிச் சொல்வார்?

மருத்துவமனைக்குப் போனாலும் நலம் விசாரிக்க நாக்கு எழவில்லை. "நான் வந்த டாக்சியின் எண் 1729. ரொம்பச் சாதாரண எண்" என்றுதான் தொடங்கினார். "இல்லை, அது சுவையான எண்" என்றார் படுத்திருந்தவர். இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே: 1-இன் கனமும் 12-இன் கனமும்; 9-இன் கனமும் 10-இன் கனமும். பிள்ளைகள் கூட்டிப் பார்க்கட்டும்.

1919-இல் ராமானுஜன் ஊர் திரும்பினார். மாதக்கணக்கில் கடிதமே இல்லை. 1920 ஜனவரியில் ஒன்று வந்தது: இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்பு, பிறகு முழுக்கப் புதிய கணக்கு. ஏப்ரல் 26-இல் ராமானுஜன் இறந்தார், வயது 32. செய்தி ஹார்டிக்குப் பேரதிர்ச்சி. கடைசியாக வந்த கடிதம் உற்சாகமாக, கணிதம் நிறைந்ததாக இருந்ததே என்று அவர் சென்னைக்கு எழுதினார்.