லைட் இருந்துச்சா?

சைக்கிளில் அடிபட்டவர் கூண்டில் ஏறியதும் இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். "வண்டியில லைட் இருந்துச்சா? ராங் சைடுலதானே வந்தீங்க? பிரேக் பிடிச்சுதா?" சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் கிளெய்ம் கேஸ் நடத்துவது என் பிழைப்பு. புரசைவாக்கத்திலிருந்து அங்கே நான் போவதும் சைக்கிளில்தான், கறுப்புக் கோட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு.

சைக்கிளுக்குச் சட்டமே கிடையாது என்று என் கட்சிக்காரர்கள் நம்புகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். ஹெல்மெட் கட்டாயமும் பைக்காரருக்குத்தான். ஒரு காலத்தில் நகராட்சிக்குப் பணம் கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. டைனமோ எரியாவிட்டாலோ டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தக் கெடுபிடி போனது, கூடவே விளக்கும் போய்விட்டது.

அபராதம் இல்லையே தவிர, அடிபட்ட பிறகு எல்லாம் கணக்குக்கு வரும். விடியுமுன் பேப்பர் போடக் கிளம்பிய ஒருவரை வேன் இடித்துக் கால் எலும்பு முறிந்தது. டிரைவர் மேல் தவறு என்று தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. ஆனால் விளக்கில்லாமல் எதிர்த்திசையில் வந்தார், அவர் பங்கும் உண்டு என்று இழப்பீட்டில் கால்வாசியைக் கழித்துவிட்டது. "நேரா போனா பாலம் வரைக்கும் போய்த் திரும்பணும் சார்" என்றார் அவர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நம் ஊரில் மீடியன் வைக்கிறவர்கள் மிதிப்பவனின் முட்டியை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் எதிர்த்திசையில் போனால் இரண்டு வேகமும் கூடித்தான் மோதும். சந்திலிருந்து திரும்புகிற டிரைவர் அந்தப் பக்கம் பார்ப்பதும் இல்லை.

முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, பெடலில் ரிஃப்ளெக்டர். பெடலில் இருப்பது ஏறி இறங்குவதால், வருவது சைக்கிள் என்று பின்னால் இருப்பவருக்குச் சட்டென்று தெரிந்துவிடும். இடதுபக்கம் போக வேண்டும் என்பது விதி. அதற்காக ஸ்டாப்பில் ஒதுங்குகிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே புகுந்துவிடாதீர்கள், அந்த மூலை டிரைவர் கண்ணுக்குத் தப்பிவிடும். லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தைவிட உள்ளே தள்ளி வரும். இந்தப் பாடத்தை, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிற அன்றே ஒரு பீரியடில் நடத்திவிடலாம்.

நாம் ஒருவரை இடித்தாலும் தப்ப முடியாது. பொதுவழியில் தாறுமாறாக ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு சைக்கிளுக்கும் பொருந்தும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது சாலையோரத்தில்தான். டிரைவர் ஐந்நூறோ ஆயிரமோ நீட்டுவார், இவரும் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் கால் வீங்கும்போது வண்டி நம்பர்கூடக் கையில் இருக்காது. போலீஸில் புகார் கொடுங்கள். சைக்கிளை மெக்கானிக்கிடம் விடுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின் மட்கார்டு நெளிந்திருந்தால் பின்னாலிருந்து இடித்தார்கள் என்று காட்ட அது உதவும். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. வண்டி தெரிந்தால் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். அதற்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு ஆறு மாதம். விபத்து சென்னையில் நடந்தது என்பதற்காக விழுப்புரத்துக்காரர் இங்கே அலைய வேண்டியதில்லை, தான் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.