மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்... ஆனாலும் பயணம் ஒரு நாள் ஆனது ஏன்?

சென்னை ஏர்போர்ட்டில் இருந்து மதுரை ஏர்போர்ட்டுக்கு வான்வழித் தூரம் சுமார் 415 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி ஏர்போர்ட்டுக்கு? 360 கி.மீ. கூட இல்லை. ஆமாங்க, மதுரையைவிட யாழ்ப்பாணம்தான் சென்னைக்குப் பக்கம்!

மேப்பைத் திறந்து பார்த்தால் காரணம் புரிந்துவிடும். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், அதாவது 80 டிகிரி கிழக்கை ஒட்டி இருக்கின்றன. சென்னையில் இருந்து தெற்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், பெரும்பாலும் கடல் மேலேயே போய் பலாலியில் இறங்கும். புதுச்சேரி, நாகப்பட்டினம், கோடியக்கரை எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேற்கே நின்றுவிடும். வாட்ச்சில் நேரத்தை மாற்றும் வேலைகூட இல்லை. 2006-ல் இருந்து இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

சரி, பறக்க எவ்வளவு நேரம்?

டிக்கெட்டில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கும். இதைவிட ஏறக்குறைய இரு மடங்கு தூரத்தில் உள்ள கொழும்புக்கும் சென்னையில் இருந்து கிட்டத்தட்ட இதே நேரம்தான் ஆகிறது. வித்தியாசம் விமானத்தில் இருக்கிறது. கொழும்புக்குப் போவது ஜெட். யாழ்ப்பாணத்துக்குப் போவது ஏடிஆர் 72 என்ற ப்ரொபெல்லர் விமானம். அதன் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. அந்த வேகத்தில் இந்தத் தூரத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் போதும். ஆனால் டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் கிளம்பும் இடத்தில் நகரத் தொடங்கியதில் இருந்து இறங்கிய இடத்தில் வந்து நிற்கும்வரை எல்லாமே அதில் சேரும். ரன்வேக்காகக் காத்திருப்பதும்கூட!

இந்த ரூட் புதுசும் இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தனது முதல் விமானத்தை இயக்கியதே இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாக மதராஸுக்குத்தான். பிறகு போர் வந்தது, எல்லாம் போனது. பல பத்தாண்டுகளுக்கு, சென்னையில் இருந்து யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால் முதலில் அதைத் தாண்டி கொழும்புக்குப் பறக்க வேண்டும். அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ சுமார் 400 கி.மீ. வடக்கே திரும்பி வர வேண்டும். கல்யாணமோ சாவோ, 360 கி.மீ. தூரத்தில் இருக்கும் சொந்தத்தைப் பார்க்க ஒரு முழு நாள் போய்விடும்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையில் இருந்து அலையன்ஸ் ஏர் பறந்தது. நாலு மாதம்தான், 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. மறுபடி தொடங்கியது 2022 டிசம்பரில். நடுவில் இருந்த அந்த இரண்டே முக்கால் வருஷமும் தூரம் அதேதான், பயணம் மட்டும் பழையபடி கொழும்பு வழியாக. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இந்த ரூட்டுக்கு வந்தது.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். தூரம் மதுரையைவிடக் குறைவு என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், இலங்கைக்கான இ-விசா, இமிகிரேஷன் எல்லாம் உண்டு. முக்கால் மணி நேரம் பறக்க மூன்று மணி நேரம் முன்னாடியே ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும்.

2025 மார்ச்சில் திருச்சி - யாழ்ப்பாணம் சேவையும் தொடங்கியது. திருச்சியில் இருந்து சென்னை சுமார் 290 கி.மீ. யாழ்ப்பாணம்? வெறும் 185.