குறுக்கெழுத்துப் புதிருக்கு விடை காணும் முறை

டயாலிசிஸ் சிகிச்சை பெறுபவர் ஏறக்குறைய 4 மணி நேரம் படுக்கையில் இருக்க நேரிடுகிறது. உடன் வந்தவரும் அவ்வளவு நேரம் காத்திருக்கிறார். அப்பொழுதைக் கழிக்க நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை நாங்கள் பரிந்துரைப்பதுண்டு. ‘நமக்கு அது வராது’ என்று விலகுவோரே மிகுதி. குறிப்பைப் படிக்கும் முறை பிடிபட்டால் யாருக்கும் வரும்.

தமிழ்ப் புதிரில் ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்து. புள்ளி பெற்ற மெய்க்கும் தனிக் கட்டம் உண்டு. அடைப்புக்குறிக்குள் உள்ள எண், விடையின் எழுத்துகளின் எண்ணிக்கையாகும்.

‘வாரத்தில் ஒரு நாள், வானிலும் உண்டு (4)’ என்றொரு குறிப்பைக் கொள்வோம். திங்கள், செவ்வாய், வியாழன் ஆகிய மூன்றும் பொருந்தும். இங்கு யோசித்துப் பயனில்லை. குறுக்கே வரும் சொல்லை முதலில் கண்டறிய வேண்டும். அது இரண்டாம் கட்டத்தில் ‘வ்’ தருமாயின் விடை செவ்வாய். தெரிந்ததை நிரப்பிவிட்டுத் தெரியாததற்குத் திரும்புவதே சிறந்த வழி.

சில குறிப்புகள் சொல்லோடு விளையாடுபவை. ‘நரகம் கலைந்தால் பெரிய ஊர் (4)’ என்பதில் ‘கலைந்தால்’ என்பது எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறது, விடை நகரம். ‘தலையிழந்த மகரம் கையாகும் (3)’ என்பதில் முதலெழுத்தை நீக்கினால் கரம். ‘விருந்தின் தலை மாறினால் நோய் தீரும் (4)’ என்பதன் விடையை இங்கு வருவோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதிர் மறதியைத் தடுக்குமா என்று குடும்பத்தினர் வினவுகின்றனர். லேசான நினைவுக் குறைபாடுடைய 107 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், கணினி விளையாட்டுகளைவிடக் குறுக்கெழுத்துப் பயிற்சி பெற்றோர் 78 வாரங்களுக்குப்பின் சற்று மேம்பட்டிருந்தனர். எப்பயிற்சியும் பெறாத குழு அதில் இல்லை. ஆகவே புதிர் மறதியைத் தடுக்கும் என்று அதைக்கொண்டு உறுதி கூற இயலாது. மருந்துக்கு அது மாற்றுமன்று.

பக்கவாதத்திற்குப்பின் சொல் தேடித் தடுமாறுபவருடன் புதிர் போடுவோர் விடையை முந்திக்கொண்டு சொல்லலாகாது. சற்றுப் பொறுத்து, முதலெழுத்தை மட்டும் ஒலித்துக் காட்டுங்கள். அவர் சோர்ந்தால் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவருக்குத் திடீரெனச் சொல் வராமற்போனாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ காத்திராமல் 108ஐ அழைத்து உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.